ஒரு கை தட்டினால் ஓசை வருமா? அபே பாதைக்கு ஒரு கிராஸிங்

அவைத் தலைவர் ஐயா அவர்களுக்கும், இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் நமக்குத் திறந்துவிட்ட தேவாலயத்துப் பெரியவர்களுக்கும், காலையிலிருந்து பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு இப்போதும் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியை அம்மாவுக்கும், ஹாரோவிலிருந்தும் வெம்பிளியிலிருந்தும் இந்த மழையில் வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், அடுப்படியில் வடை போட்டுக்கொண்டே நான் பேசுவதைக் கேட்கிற சகோதரிகளுக்கும் என் வணக்கம். ஓய்வு பெற்ற ரயில்வே அண்ணன் ஒருவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். முப்பது வருடம் கார்டாக இருந்தவர். அவர் முன்னால் ரயிலைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனாலும் அவர்தான் பேசு பேசு என்று தள்ளிவிட்டார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

சங்கம் கொடுத்த தலைப்பு ‘நாம் வாழும் ஊரின் வரலாறு’. லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற நம் வாட்ஃபோர்டைப் பற்றி எத்தனையோ பேசலாம். நான் ஒரே ஒரு ரயில் பாதையை எடுத்துக்கொள்கிறேன். வாட்ஃபோர்ட் ஜங்ஷனிலிருந்து செயின்ட் ஆல்பன்ஸ் அபே வரைக்கும் போகிற சின்னப் பாதை. நீளம் ஆறரை மைல், நம் கணக்கில் பத்தரை கிலோமீட்டர். இரண்டு முனையையும் சேர்த்து ஏழே நிலையங்கள். நாலு விஷயம் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன்: இந்தப் பாதை எப்படி வந்தது, ஏன் நாம் முக்கால் மணி நேரம் காத்திருக்கிறோம், டிக்கெட் விலை, இனி என்ன செய்யவேண்டும். தலைவர் இருபது நிமிடம் தந்திருக்கிறார்.

இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது நம் ஊர் ஸ்டேஷனின் பெயர். தினமும் ‘வாட்ஃபோர்ட் ஜங்ஷன்’ என்று சொல்கிறோம், அந்த ஜங்ஷன் எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்தோமா? லண்டன் – பர்மிங்ஹாம் பாதை 1837இல் இந்த வழியாகத்தான் வந்தது. அப்போது வாட்ஃபோர்டில் ஒரு ஸ்டேஷன் இருந்தது, ஆனால் ஜங்ஷன் கிடையாது. 1858 மே 5ஆம் தேதி செயின்ட் ஆல்பன்ஸுக்குக் கிளைப்பாதை திறந்தபோதுதான் பழைய ஸ்டேஷனை விட்டுவிட்டு, இப்போது இருக்கிற இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். ஜங்ஷன் என்ற பெயரே இந்தக் கிளைப்பாதை கொடுத்தது. இன்றைக்கு லண்டன் யூஸ்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் ஓடுகிற பெரிய வண்டிகளுக்கு நடுவில், ஓரமாக 11ஆம் பிளாட்பாரத்தில் ஒதுங்கி நிற்கிறதே, அந்தச் சின்ன வண்டியால்தான் இந்த ஸ்டேஷனுக்கு இந்தப் பெயர்.

ஏன் பெரிய பாதை செயின்ட் ஆல்பன்ஸ் போகாமல் வாட்ஃபோர்ட் பக்கம் வந்தது என்று கேட்கலாம். பள்ளத்தாக்கு, சரிவு என்று பொறியியல் காரணங்கள் இருந்தன. இங்கேயும் சும்மா விடவில்லை. கேஷியோபரி தோட்டத்துக்குச் சொந்தக்காரரான எசெக்ஸ் பிரபுவும், பக்கத்தில் குரோவ் மாளிகையில் இருந்த கிளாரண்டன் பிரபுவும் எங்கள் நிலத்துக்குள் வண்டி விடாதே என்று மறித்ததால், மலையைக் குடைந்து சுரங்கம் போட்டுத்தான் பாதை போனது. இன்றைக்கு கேஷியோபரி நம் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற பொதுப் பூங்கா.

செயின்ட் ஆல்பன்ஸ் ரோமானியர் காலத்து ஊர், அன்றைய பெயர் வெருலேமியம். இங்கிலாந்தின் முதல் கிறிஸ்தவத் தியாகி என்று சொல்லப்படுகிற ஆல்பன் புனிதரின் பெயரால் பெரிய மடாலயம் எழுந்த இடம். லண்டனிலிருந்து வடமேற்கே போகிற கோச்சு வண்டிகளெல்லாம் அங்கே நின்று குதிரை மாற்றித்தான் போகும், அதனால் தெருவெல்லாம் சத்திரங்கள். ரயில் வந்தது, கோச்சு வண்டிகள் நின்றன, சத்திரங்கள் ஓய்ந்தன. அந்த ஊருக்கு ரயில் வரவோ இன்னும் இருபது வருடம் ஆனது. அப்படி வந்த முதல் ரயில் நம் அபே பாதைதான். வைக்கோல் தொப்பி பின்னுகிற தொழில் அங்கே இருந்தது, நிலக்கரி வேண்டியிருந்தது, இரண்டுக்கும் இந்தப் பாதை கை கொடுத்தது.

பத்து வருடம்தான் அந்தப் பெருமை. 1865இல் ஹாட்ஃபீல்டிலிருந்து இன்னொரு கிளைப்பாதை வந்து அதே அபே நிலையத்தில் சேர்ந்தது. 1868இல் மிட்லண்ட் கம்பெனி லண்டனுக்கு நேர்ப்பாதை போட்டு, ஊரின் மறுபக்கம் இன்னொரு ஸ்டேஷன் கட்டிவிட்டது. அதுதான் இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ் சிட்டி. லண்டன் போகிறவன் நேர்வண்டியைத்தான் பிடிப்பான், வாட்ஃபோர்டில் இறங்கி மாறுவானா? அன்றிலிருந்து அபே பாதை இளைத்த பிள்ளையாகவே வளர்ந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு ஒரு கொண்டாட்டம் இருந்தது. பிரிக்கெட் வுட் காட்டுப் பக்கம் 1889 முதல் ராட்டினம், ஊஞ்சல், தேநீர்க் கொட்டகை எல்லாம் வைத்துத் திருவிழாத் திடல் நடத்தினார்கள். லண்டனிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக இந்த ரயிலில் அழைத்துவருவார்கள். இன்றைக்கு பிரிக்கெட் வுட் ஸ்டேஷனில் நின்றால் எம் 1, எம் 25 சாலைகளின் இரைச்சல் பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தவிர அமைதியான இடம். அங்கே ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் இறங்கினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும்.

சரி, வரலாறு போதும். இப்போது முக்கால் மணி நேரத்துக்கு வருகிறேன்.

(இந்த இடத்தில் கவுன்சிலர் அம்மா வந்து சேர்ந்தார். எல்லாரும் எழுந்து வரவேற்றோம்.)

வாருங்கள் அம்மா, வணக்கம். இன்னொரு கூட்டத்தை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்கள். போன வருடம் நம் பொங்கல் விழாவுக்கு வந்து கரும்பு கடித்தவர்கள், நம் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்குப் பரிசு கொடுத்தவர்கள், நம் தெருவின் குப்பைப் பிரச்சினையை இரண்டே வாரத்தில் தீர்த்துவைத்தவர்கள். பொன்னாடை போர்த்த தலைவர் ஐயாவை அழைக்கிறேன். அந்தத் தம்பி மொழிபெயர்த்துச் சொல்வார், பக்கத்திலேயே உட்காருங்கள் தம்பி. அம்மா, நீங்கள் வந்தது ரொம்ப நல்ல நேரம், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது உங்களைப் போன்றவர்கள் காதில் விழ வேண்டிய விஷயம்.

இந்தப் பாதை ஒற்றை வழிப்பாதை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே ஜோடித் தண்டவாளம், நடுவில் எங்கேயும் இரண்டாகப் பிரிவதில்லை. அதனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் ஓடமுடியும். போக 16 நிமிடம், வர 16 நிமிடம், இரண்டு முனையிலும் ஆள் இறங்கி ஏறி, ஓட்டுநர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோய் எடுக்க முனைக்கு ஆறு ஏழு நிமிடம். கூட்டிப் பாருங்கள், 45 வந்து நிற்கும். பல ஆண்டுகளாக நமக்குப் பழகிப்போன அந்த 45 நிமிட இடைவெளி இப்படித்தான் பிறந்தது. எந்த அதிகாரியும் நமக்கு எதிராக உட்கார்ந்து போட்ட கணக்கு இல்லை, தண்டவாளம் போட்ட கணக்கு.

அந்த 45இல் இன்னொரு சங்கடம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஒரு மணிக்கு 60 நிமிடம். 45ஐ அதற்குள் அடுக்கினால் பொருந்தாது. பத்து மணிக்கு ஒரு வண்டி என்றால் அடுத்தது 10.45, அப்புறம் 11.30, அப்புறம் 12.15, திரும்ப முழு மணிக்கு வர ஒரு மணி ஆகிவிடும். மூன்று மணி நேரத்தில் நாலு வண்டி, ஒவ்வொரு மணிக்கும் வேறு வேறு நிமிடம். எங்கள் தெருப் பாட்டிகள் யாருக்கு அது மனப்பாடம் ஆகும்? வாட்ஃபோர்டில் மெயின் லைன் வண்டிகளோ பெரும்பாலும் ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் வருகிறவை. ஆகவே ஒரு மணிக்கு அழகாக மாறி ஏறலாம், அடுத்த மணிக்கு அது கண்ணெதிரே போய்விட்டிருக்கும். வண்டி பத்து நிமிடம் தாமதமானால் அதை ஈடுகட்ட இன்னொரு வண்டி கிடையாது, தாமதம் அப்படியே அன்று முழுக்கச் சுமந்து போகும். ஒரே வண்டி பழுதானால் பாதையே நின்றது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா மாயவரத்துக்காரர். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜனவரி மாதம் இங்கே வந்திருந்தார். பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. சாயங்காலம் கிளம்பி ஸ்டேஷனுக்கு நடக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய், கம்பளிக் காலுறைக்கு மேல் செருப்பு. பனியில் வழுக்கிவிடுமோ என்று நான் கையைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக நடத்திவருகிறேன். பிளாட்பாரத்தில் ஏறவும் வண்டிக் கதவு மூடவும் சரியாக இருந்தது. நான் ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம், அம்மாவை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? சிவப்பு விளக்கு இரண்டும் இருட்டில் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

“அடுத்த வண்டி எப்போடா?” என்றார் அம்மா.

“முக்கால் மணி நேரம் ஆகும்மா.”

“முக்கால் மணி நேரமா? லண்டன்டா இது!”

லண்டன் இல்லை, லண்டனுக்குப் பக்கத்து ஜில்லா என்று விளக்கினேன். அது எடுபடவில்லை. பார்க் ஸ்ட்ரீட் ஸ்டேஷனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே ஒரு பிளாட்பாரம், ஆள் கிடையாது, உள்ளே போய் உட்கார அறை கிடையாது. அங்கே ஏற்கனவே ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். எண்பதை ஒட்டிய வயது. எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். கொஞ்ச நேரம் கழித்து பையிலிருந்து ஒரு ஃபிளாஸ்கை எடுத்து, மூடியில் டீ ஊற்றி, என்னைக் கேட்காமல் நேராக அம்மா கையில் கொடுத்தார். அம்மா சும்மா இருப்பாரா? நண்பர் வீட்டில் கட்டிக்கொடுத்த முறுக்கை எடுத்து நீட்டினார். அந்தம்மா ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் முழங்காலைத் தொட்டுக் காட்டி, இவர் தன் வலியைச் சொல்ல, அவர் தன் வலியைச் சொல்ல, நான் நடுவில் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் பேச்சு நடந்தது.

அப்புறம் அந்தம்மா ரயில் கதைக்கு வந்தார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது, 1950களில், வாட்ஃபோர்ட் பக்கத்திலிருந்து செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதே பாதையில்தான் போவாராம். அப்போது பிரிக்கெட் வுட்டில் பாதை இரண்டாகப் பிரியும். இந்தப் பக்கம் இருந்து ஒரு வண்டி வரும், அந்தப் பக்கம் இருந்து ஒரு வண்டி வரும், இரண்டும் அங்கே அக்கம்பக்கமாக நிற்கும். இவருடைய தோழி எதிர்வண்டியில் வாட்ஃபோர்டில் படிக்கப் போகிறவள். ஜன்னலை இறக்கிவிட்டு, இங்கிருந்து ஒரு சித்திரக்கதைப் புத்தகம் அங்கே போகும், அங்கிருந்து ஒன்று இங்கே வரும். தினமும் அந்த ஒரு நிமிடம்தான் இருவருக்கும் கிடைக்கும். ஒருநாள் ஒரு புத்தகம் கை நழுவி இரண்டு வண்டிக்கும் நடுவில் விழுந்துவிட்டது, வண்டிகள் போனபின் ஸ்டேஷன்காரர் இறங்கி எடுத்து வைத்திருந்து மறுநாள் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது அந்தம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு 1960களில் அந்த இரண்டாவது தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள், ஒற்றை வண்டியாகிவிட்டது என்று சொல்லி நிறுத்தினார்.

நான் இதையெல்லாம் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அம்மா, “அட, கிராஸிங்!” என்றார். மாயவரத்துக்காரருக்குக் கிராஸிங் தெரியாதா? கிராஸிங்குக்கு நிற்கிற வண்டியில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார், எத்தனை சுண்டல் பொட்டலம் வாங்கியிருப்பார். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய கிளை ரயிலில் கல்யாணமாகிப் போனவர் அவர், 1986இல் அந்தப் பாதையை மூடினார்கள், இன்றைக்கும் அதைச் சொன்னால் பெருமூச்சு விடுவார். என் அம்மா கேட்டார்: “அப்ப இந்த ஒத்த வண்டியே போய்ப் போய் வந்துக்கிட்டு இருக்கா? ஒரு கை தட்டினா ஓசை வருமாடா? எதிர்ல இன்னொரு வண்டி வரணும்ல?”

ஒரு கை தட்டினால் ஓசை வருமா. ரயில்வே நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அம்மா டீ மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரியில் சொல்லிவிட்டார். அந்த முக்கால் மணி நேரம் முடிந்து வண்டி வந்தபோது இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். அன்றிலிருந்து நான் எங்கே பேசினாலும் இதைத்தான் பேசுகிறேன்: பிரிக்கெட் வுட்டில் அந்தக் கிராஸிங் திரும்ப வரவேண்டும்.

எதிரெதிரே இரண்டு வண்டி புறப்பட்டு, நடுவில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போனால் அரை மணிக்கு ஒரு வண்டி விடலாம். 10.00, 10.30, 11.00, 11.30. எல்லா மணிக்கும் ஒரே நிமிடம், பாட்டிக்கும் மனப்பாடம் ஆகும், மெயின் லைனோடும் பொருந்தும். இதற்குப் பத்தரை கிலோமீட்டருக்கும் இரட்டைப் பாதை கேட்கவில்லை. ஒரு ஸ்டேஷனில், சில நூறு மீட்டருக்கு, இரண்டாவது தண்டவாளம் போதும்.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. கார்ன்வாலில் ட்ரூரோவிலிருந்து ஃபால்மத்துக்கு இதேபோல ஒரு கிளைப்பாதை, 1863இல் திறந்தது. அங்கேயும் ஒற்றை வழி. நடுவில் பென்ரின் என்ற ஊரில் 2009இல் ஒரு கிராஸிங் போட்டார்கள். மொத்தச் செலவு 78 லட்சம் பவுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம், கார்ன்வால் கவுன்சிலின் பணம், தண்டவாளங்களைக் கவனிக்கிற நெட்வொர்க் ரெயிலின் பங்கு என்று மூன்று பேர் சேர்ந்து போட்டது. அங்கே செய்த வேலையைக் கேட்டால் ரயில்வே அண்ணனுக்கே பிடிக்கும்: இரண்டாவது பிளாட்பாரமும் மேம்பாலமும் கட்டினால் செலவு எகிறும் என்று, இருக்கிற ஒரே பிளாட்பாரத்தை நீட்டிவிட்டார்கள். ஒரு வண்டி பிளாட்பாரத்தின் இந்தப் பாதியில் நிற்கும், எதிர்வண்டி பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றிவந்து அந்தப் பாதியில் நிற்கும். யாரும் படி ஏற வேண்டாம். மணிக்கு ஒன்று ஓடிய வண்டி அரை மணிக்கு ஒன்றானது, கூட்டம் விறுவிறுவென்று ஏறியது. கவுன்சிலர் அம்மா, பென்ரின் என்ற அந்தப் பெயரை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பர்மிங்ஹாம் பக்கம் ஸ்டவர்பிரிட்ஜில் முக்கால் மைலுக்குக் கொஞ்சம் கூட நீளமான கிளைப்பாதை ஒன்று இருக்கிறது, மூன்று நிமிடப் பயணம். 2009 முதல் சுழல்சக்கரத்தில் சக்தியைச் சேர்த்து ஓடுகிற சின்னஞ்சிறு வண்டி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் வருகிறது. எந்த நேரம் போனாலும் வண்டி இருக்கும் என்று ஜனங்களுக்குத் தெரியும், அதனால் டைம்டேபிள் பார்க்காமலே போகிறார்கள். பாதையின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. அடிக்கடி வந்தால் ஆள் ஏறும்.

நம் பாதைக்கும் யாரும் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1963இல் பீச்சிங் அறிக்கை வந்து நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்ன காலத்தில் இது தப்பிப் பிழைத்தது. 1966இல் கார்ஸ்டனிலும், 1988இல் ஹவ் வுட்டிலும் புதிய ஸ்டேஷன்கள் திறந்தார்கள். 1988இல்தான் மின்சார வண்டியும் வந்தது. அபே ஃப்ளையர் என்று செல்லப்பெயர் வைத்து, அதே பெயரில் பயணிகள் சங்கம் நடத்தி விடாமல் குரல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிக்கெட் வுட்டில் பாழடைந்து கிடந்த பழைய ஸ்டேஷன் கட்டடத்தை உள்ளூர்க்காரர்கள் அறக்கட்டளை வைத்துச் சீர்செய்து திறந்திருக்கிறார்கள். ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

ஆனால் பெரிய காரியம் மட்டும் வந்து வந்து கை நழுவுகிறது. 2009 அக்டோபரில் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அடோனிஸ் பிரபு, இந்தப் பாதையை டிராம் பாதையாக மாற்றுவோம், அடிக்கடி வண்டி விடுவோம் என்று அறிவித்தார். ஜில்லா கவுன்சில் பொறுப்பேற்கும் என்றார்கள். பேச்சு நடந்தது, நடந்தது, 2013இல் கைவிட்டார்கள். மூடிய பாதைகளை மீட்க 50 கோடி பவுண்டு என்று 2020இல் ஒரு திட்டம் அறிவித்தார்கள், நம் கிராஸிங் யோசனையும் அதன் முன் வைக்கப்பட்டது. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். கவுன்சில் கை நீட்டினால் அரசாங்கம் கையை மடக்கிக்கொள்கிறது, அரசாங்கம் கை நீட்டும்போது வேறு யாராவது மடக்கிக்கொள்கிறார்கள். ஒரு கை தட்டினால் ஓசை வருமா? பென்ரினில் மூன்று கை சேர்ந்தது, வந்தது.

சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் போகவேண்டாம். இதே வாட்ஃபோர்ட் ஜங்ஷனிலிருந்து ரிக்மன்ஸ்வொர்த்துக்கு 1862இல் ஒரு கிளைப்பாதை போட்டார்கள். 1952இல் பயணிகள் வண்டி நின்றது, இப்போது அது எபரி வே என்ற நடைபாதை. அந்தப் பக்கம் ஹாட்ஃபீல்ட் – செயின்ட் ஆல்பன்ஸ் பாதை, 1951இல் பயணிகள் வண்டி நின்றது, இப்போது அது ஆல்பன் வே, சைக்கிள் ஓட்டுகிறோம். குரோக்ஸ்லி கிரீன் பாதை 1912இல் திறந்தது. வண்டிகளைக் குறைத்தார்கள், குறைத்துக் குறைத்து பேருக்கு ஒரு வண்டி என்று ஆக்கினார்கள், ஆள் வரவில்லை என்றார்கள், 1996இல் ரயில் ஓட்டத்தையே நிறுத்தினார்கள். அந்தத் தடத்தில் பாதாள ரயிலைக் கொண்டுவந்து வாட்ஃபோர்ட் ஜங்ஷனில் சேர்க்கிறோம் என்று வந்த திட்டமும் 2018இல் செத்துப்போனது. ஆக நம் ஊரைச் சுற்றி மூன்று கிளைகள் உதிர்ந்துவிட்டன, இந்த ஒன்று மிச்சம். எனக்கு நடைபாதைகள் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடக்கிறேன். ஆனால் என் அம்மாவால் ஹாட்ஃபீல்டுக்கு நடந்து போகமுடியாது.

இங்கே இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணன்மாரைப் பார்க்கும்போது இதை இன்னும் அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. யாழ்தேவி 1990இல் நின்றது. திரும்ப யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்குள் வண்டி நுழைய 2014 அக்டோபர் ஆனது. இருபத்துநாலு வருடம். வண்டி வந்த அன்று தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஜனம் நின்றதை இங்கே எத்தனையோ பேர் தொலைக்காட்சியில் பார்த்து அழுதிருப்பீர்கள். அது போரால் பறிபோன ரயில், இதோடு ஒப்பிட்டுப் பேசுவது முறையில்லை, நான் ஒப்பிடவும் இல்லை. ரயில் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று இந்த நாட்டு எம்.பி.க்களுக்கு எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர்கள் யார் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது ரயில் கம்பெனிகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பொதுவுடைமைக்குத் திரும்புகிற காலம். 2024இல் அதற்குச் சட்டமே வந்துவிட்டது. தண்டவாளம் ஒருவர் கையில், வண்டி இன்னொருவர் கையில் என்று இத்தனை நாள் இருந்தது, அதை ஒரே நிர்வாகத்துக்குள் கொண்டுவருகிறோம் என்கிறார்கள். நல்லது. அப்படியானால் கேட்க வேண்டிய நேரம் இது. புதிதாக உட்காருகிறவர்கள் மேசையில் முதல் வாரமே இருக்கவேண்டிய காகிதம் நம்முடையதாக இருக்கவேண்டும், ஏனென்றால் பெரிய திட்டங்களுக்குக் கத்த பெரிய ஊர்கள் இருக்கின்றன. பார்க் ஸ்ட்ரீட்டுக்கும் ஹவ் வுட்டுக்கும் யார் கத்துவார்கள்? வாட்ஃபோர்டில் மட்டும் ஒரு லட்சம் பேர் இருக்கிறோம். செயின்ட் ஆல்பன்ஸில் வேலை பார்க்கிறவர்கள், படிக்கிற பிள்ளைகள், அங்கிருந்து வாட்ஃபோர்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், கார் இல்லாதவர்கள், கார் இருந்தும் ஓட்டப் பிடிக்காதவர்கள். இத்தனை பேரும் அந்தச் சாலை நெரிசலில்தான் போகவேண்டுமா?

டிக்கெட் விலையைப் பற்றி ஒரு பத்து நிமிடம் பேச வைத்திருந்தேன். தலைவர் மணியைக் காட்டுகிறார், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

கடைசியாக நான் கேட்பது இவ்வளவுதான். வாசலில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று வாட்ஃபோர்ட் எம்.பி.க்கு, ஒன்று செயின்ட் ஆல்பன்ஸ் எம்.பி.க்கு. பிரிக்கெட் வுட்டில் கிராஸிங் போடு, அரை மணிக்கு ஒரு வண்டி விடு என்பதுதான் இரண்டிலும் இருக்கிறது. இரண்டிலும் கையெழுத்துப் போடுங்கள், ஒன்றில் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். பாதைக்கு முனை இரண்டு, இந்த முனை மட்டும் கேட்டால் பத்தாது, அதைத்தான் அம்மாவும் சொன்னார்: ஒரு கை தட்டினால் ஓசை வராது. தலைமையாசிரியை அம்மா, பெரிய வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஒரு கடிதம் எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. கவுன்சிலர் அம்மா, உங்கள் கையெழுத்துக்கு முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறோம்.

அபே வண்டியில் திரும்பிப் போகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். கையெழுத்தைப் போட்டுவிட்டு இப்போதே கிளம்பினால் பிடித்துவிடலாம், வடையைக் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். ரயில்வே அண்ணன் ஸ்டேஷன் வரைக்கும் கூட வருவார். வாய்ப்பளித்த சங்கத்துக்கு நன்றி, வணக்கம்.